எழுத்தறிவு வகுப்பு எடுத்தவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

போன வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளியில் சாயங்கால வகுப்பு எடுத்தேன். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 15 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மொத்தம் 200 மணி நேரம். என்னிடம் 18 பேர் வந்தார்கள். எல்லோரும் நூறு நாள் வேலைக்குப் போய்வரும் பெண்கள், கூட ஒரே ஒரு தாத்தா.

கடைசியில் தேர்வு. வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50. ஒவ்வொன்றிலும் 33 சதவீதம் வாங்கினால் தேர்ச்சி. அத்தனை பேரும் தேறினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து ரேஷன் கடை வரிசையில் என் மாணவி ஒருவரைப் பார்த்தேன். வகுப்பில் முதல் ஆளாகப் பதில் சொல்கிற அக்கா. துவரம் பருப்புக்காக அரை மணி நேரமாக நிற்கிறாராம். கடை வாசல் பலகையிலோ 'துவரம் பருப்பு இல்லை' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. "போர்டைப் பாக்கலையாக்கா?" என்றேன். நிமிர்ந்து பார்த்து ஒரு பிழையில்லாமல் வாசித்துவிட்டு, "அதெல்லாம் நமக்கு எழுதுனதுன்னு தோணவே இல்ல டீச்சர்" என்றார்.

அவருக்குப் படிக்கத் தெரியும். பலகை என்று ஒன்று இருந்தால் அதைப் பார்க்க வேண்டும் என்கிற பழக்கம்தான் வரவில்லை. 150 மார்க்கில் இதற்கு எங்கே இடம்? உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

* * *

தோழர், உங்களுக்காவது தேர்ச்சி நிஜம். எங்கள் கதை வேறு.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டர் நான். அப்போது தேசிய எழுத்தறிவு இயக்கம் வைத்த அளவுகோல்: நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டு வாசிக்க வேண்டும், சொல்லச் சொல்ல 7 சொல் எழுத வேண்டும். கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருவோம். ஒரு பாட்டி தண்ணீர்பட்ட பாடாக ஒப்பித்தார். கேட்டுக்கொண்டே இருந்தேன். வாய் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது, கை இன்னும் தாளைப் புரட்டவில்லை! புத்தகம் முழுக்க மனப்பாடம். அன்று அவருக்குத் தேர்ச்சி போட்டது நான்தான், மறைக்க விரும்பவில்லை. அப்படிப் போட்ட ஒரே ஆளும் நான் இல்லை.

அதே ஊரில் எந்தப் படிவத்திலும் அடங்காத ஒன்றும் நடந்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிளை இயக்கத்துக்குள் கொண்டுவந்தார். புடவையைச் சொருகிக்கொண்டு பெண்கள் ராத்திரியில் ஓட்டப் பழகினார்கள். ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து சிரித்தார்கள். விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாலும் மறுநாள் வந்து நிற்பார்கள். கல் குவாரிக்குப் போகிறவர்கள், பால் ஊற்றுகிறவர்கள் எல்லாம் பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திருப்பதை விட்டார்கள்.

மூன்று வருஷம் முன்பு ஒரு கல்யாணத்தில் அந்தப் பாட்டியின் மருமகளைப் பார்த்தேன். படித்தது முக்கால்வாசி மறந்துபோச்சு என்றார், கையெழுத்து மட்டும் நிற்கிறதாம். ஆனால் பந்தி முடிந்ததும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஏறிப் போனார், பின்னால் புருஷன். இவரை எழுத்தறிவு பெற்றவர் பட்டியலில் வைப்பதா, எடுப்பதா? எனக்கு இன்றைக்கும் முடிவு தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்வேன். கணக்கெடுக்க வருகிறவர்கள் வகுப்பு முடிந்த வாரத்தில் வரக்கூடாது. ஒரு வருஷம் கழித்து, சொல்லாமல் வரவேண்டும்.

* * *

நான் சின்னதாக ஒன்று சேர்க்கிறேன் அக்கா. என் வகுப்பில் 7 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். பதிவேட்டில் காரணம் 'ஆர்வமின்மை' என்று எழுதியிருந்தது. எழுதியது நான்தான்.

அப்புறம் ஊருக்குக் கண் முகாம் வந்தது. பார்த்தால் அவர்களில் 4 பேருக்கு வெள்ளெழுத்து. நாற்பது தாண்டினால் வருவதுதானே! கிட்டத்தில் இருக்கிற எழுத்து தெரியாமல், அதைச் சொல்லவும் கூச்சப்பட்டு நின்றிருக்கிறார்கள். உங்கள் ரேஷன் கடை அக்காவுக்கு இது பொருந்தாது, பலகை தூரத்தில்தான் இருக்கிறது. இருந்தாலும் மற்ற 17 பேரையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

கண்ணாடி கிடைத்ததும் 2 பேர் திரும்ப வந்தார்கள். பதிவேட்டை இன்னும் திருத்தவில்லை.