36 அடி பாய்மரப் படகுக்கு பௌ த்ரஸ்டர்: குழாய் வகையா, உள்ளிழுக்கும் வகையா?

ஹாம்பிள்வாசி:
வணக்கம். இங்கிலாந்தின் தென்கரையில், ஹாம்பிள் ஆற்றில் 36 அடி ஃபைபர் பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். எடை 7 டன். ஓதம் வடியும் நேரத்தில் குறுக்குக் காற்றும் சேர்ந்துகொண்டால், நிறுத்துமிடத்துக்குள் நுழைவதற்குள் படகின் அணியம் (முன்முனை) பக்கத்துப் படகின்மேல் சாயப் பார்க்கிறது. குளிர்காலத்தில் கரையேற்றும்போது பௌ த்ரஸ்டர் (முன்முனையைப் பக்கவாட்டில் தள்ளும் மின்மோட்டார் சுழலி) பொருத்த எண்ணம். அணியத்தில் குறுக்கே பதிக்கும் 185 மி.மீ. குழாய், 40 கிலோ உந்துவிசை போதும் என்கிறது பட்டறை. ஆனால் அவர்கள் குறித்த இடத்தில் குழாயின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்கு 7 செ.மீ. கீழேதான் வருகிறது. பேட்டரிகள் பின்னால், எஞ்சின் அருகே இருக்கின்றன. அங்கிருந்தே கம்பி இழுக்கலாமா?

கயிறும்காற்றும்:
முதலில் ஒரு கேள்வி: படகின் நடுவிலிருந்து ஒரு கயிற்றை மிதவை மேடையில் கட்டி, எஞ்சினை மெதுவாக முன்னோக்கி ஓட்டிப் பார்த்தீர்களா? செலவில்லாமல் படகு மேடையோடு ஒட்டி நிற்கும். த்ரஸ்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி வேகமாக நுழைபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. 2 நாட் (மணிக்கு சுமார் 3.7 கி.மீ.) வேகத்தைத் தாண்டினாலே குழாய் வகையின் பலன் குறையத் தொடங்கிவிடும்.

ஹாம்பிள்வாசி:
கயிறு கட்டிய பிறகு கவலை இல்லை ஐயா. கட்டுவதற்கு முந்தைய அரை நிமிடம்தான் தொல்லை. பெரும்பாலும் தனியாகத்தான் ஓட்டுகிறேன்.

பழையமின்வினைஞர்:
7 செ.மீ. போதாது. குழாய் விட்டத்தில் பாதியாவது, அதாவது 9 செ.மீ.க்கு மேல், நீருக்குள் இருக்க வேண்டும். முழு விட்டம் இருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் காற்றை உறிஞ்சி இரைச்சல் போடும், தள்ளாது. குழாயைப் பின்னால் நகர்த்தினால் ஆழம் கிடைக்கும், ஆனால் அணியத்தைத் திருப்ப உதவும் நெம்புதூரம் குறைந்துவிடும். உங்கள் படகுக்கு, தேவைப்படும்போது மட்டும் அடியிலிருந்து கீழே இறங்கும் உள்ளிழுக்கும் வகைதான் பொருந்தும். விலை கூடுதல், அடியில் வெட்டும் துளையும் பெரிது. ஆனால் பாய் விரித்து ஓடும்போது மூடிக்கொள்ளும் என்பதால் இழுவை இராது.

விசையை நீங்களே கணக்கிடலாம். 20 நாட் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 6.5 கிலோ தள்ளும். பக்கவாட்டுப் பரப்பு 12 சதுர மீட்டர் என்றால் மொத்தம் 78. பாதியை அணியம் தாங்க வேண்டும். 40 கிலோ த்ரஸ்டர் அங்கேயே திணறிவிடும். 25 நாட்டில் தேவை 60ஐ எட்டும். 60 வாங்குங்கள். விலைப்பட்டியலில் அந்த எண் எந்த வோல்ட்டில் அளக்கப்பட்டது என்றும் பாருங்கள்; வோல்ட் குறைந்தால் விசையும் குறையும்.

கம்பிக்கு வருவோம். 12 வோல்ட்டில் அந்த மோட்டார் 300 ஆம்பியரோ அதற்கு மேலோ இழுக்கும். பின்னாலிருந்து 9 மீட்டர், போகவர 18. கையால் வளைக்கவே சிரமமான 70 சதுர மி.மீ. செம்புக் கம்பியிலும் ஏறக்குறைய 1.4 வோல்ட் வழியிலேயே தொலையும். முன்கட்டிலுக்கு அடியில் தனி ஏஜிஎம் (மூடிய, கசியாத வகை) பேட்டரி வைத்து, பின்னால் இருக்கும் பேட்டரிகளிலிருந்து டிசி-டிசி சார்ஜர் மூலம் மெல்லிய கம்பியில் மெதுவாக மின்னேற்றுங்கள். ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும்.

கயிறும்காற்றும்:
முன்முனையில் அவ்வளவு எடை ஏற்றினால் படகு அலையில் மூக்கைக் குத்தும்.

பழையமின்வினைஞர்:
உண்மைதான். அதனால்தான் நங்கூர அறையில் வைக்காமல் கட்டிலடியில் வைக்கச் சொன்னேன். ஹாம்பிள்வாசி, பணம் கட்டும் முன் தயாரிப்பாளரின் வரைபட அளவில் அட்டைப்பெட்டி ஒன்று செய்து அந்த இடத்தில் இறக்கிப் பாருங்கள்.

ஹாம்பிள்வாசி:
இறக்கிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் மூலை 4 செ.மீ. இடிக்கிறது. தொட்டியைச் சிறிதாக்க எவ்வளவு ஆகும் என்று பட்டறையில் கேட்டிருக்கிறேன்.