நாற்பதுக்கு மேல் ஷட்டில்: ஆடலாமா, விடலாமா?

கெடிலக்கரை:
தங்கை வீட்டுக்காரருக்கு 44 வயது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் கடை. கல்லூரியோடு விட்ட ஷட்டிலைப் போன மாதம் திரும்ப ஆரம்பித்தார். எடுத்ததுமே சிங்கிள்ஸ். யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்ததாம், திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை. கெண்டைக்காலைக் குதிகாலோடு சேர்க்கும் அக்கிலிஸ் தசைநாண் அறுந்துவிட்டது. இந்த வயதில் இதெல்லாம் தேவையா? சில்வர் பீச்சில் காலாற நடந்தால் போதாதா?

உப்பளம் ஷட்டில்:
வயதை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். மூச்சும் தசையும் சில வாரத்தில் பழகிவிடும், தசைநாண் பழக மாதக்கணக்காகும். "உடம்பு பழைய மாதிரி ஆயிடுச்சு" என்று நம்பிப் பாயும் நேரத்தில்தான் அறுகிறது. அதுவும் பெரும்பாலும் குதிகாலுக்கு மேலே 2 முதல் 6 செ.மீ. வரை உள்ள இடத்தில், அங்கே ரத்த ஓட்டம் குறைவு. அப்புறம், மணலும் லேசுப்பட்டதல்ல. குதிகால் புதையப் புதைய அதே தசைநாண்தான் இழுபடும்.

கெடிலக்கரை:
ரத்த ஓட்டம் குறைவு என்று நீங்களே சொல்லிவிட்டு ஆடவும் சொல்கிறீர்களே! பைக் ஓட்ட முடியவில்லை, தங்கைதான் கடையில் உட்கார்ந்திருக்கிறாள்.

தேவனாம்பட்டினத்தான்:
புத்தூர் கட்டு போட்டுப் பாருங்கள் சார்.

உப்பளம் ஷட்டில்:
அது எலும்பு முறிவுக்குப் போடுவது ஐயா. இது அறுந்த நாண். இதில் நடக்கவும் முடியும் என்பதுதான் ஆபத்து, சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டே நாளைக் கடத்துவார்கள். ஆளைக் குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அழுத்தினால் பாதம் அசைய வேண்டும். அசையாவிட்டால் அன்றைக்கே ஆர்த்தோவிடம் போக வேண்டும். ஆபரேஷன்தான் வழி என்றும் இல்லை. 2022-ல் வந்த நார்வே ஆய்வில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஆபரேஷன் செய்தவர்களும் செய்யாதவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். செய்யாதவர்களுக்கு மறுபடி அறுந்தது மட்டும் அதிகம்.

இன்னொன்று. மாப்பிள்ளை சமீபத்தில் வயிற்றுப்போக்குக்கு சிப்ரோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை எதுவும் சாப்பிட்டாரா? மெடிக்கலில் சீட்டு இல்லாமலே வாங்குகிறோமே, அது. தசைநாண் அறுபடலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2008-லேயே கடும் எச்சரிக்கை போட வைத்தது.

கெடிலக்கரை:
கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் அதுவும் நான் சொல்வதற்குத்தானே வலு சேர்க்கிறது? நம் வயதில் உடம்புக்குள் என்னென்ன மாத்திரை போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

உப்பளம் ஷட்டில்:
அப்படிப் பார்த்தால் படியும் ஏறக்கூடாது. புதிதாக ஆட வருகிறவர்கள் முதலில் படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கிப் பழகட்டும், 15 தடவை, 3 சுற்று. மூன்று மாதம் அதைச் செய்துவிட்டு கோர்ட்டுக்கு வரட்டும். எங்கள் கோர்ட்டில் ஐம்பது தாண்டியவர்களும் ஆடுகிறார்கள்.

கெடிலக்கரை:
மூன்று மாதம் படியில் நிற்கிற பொறுமை எந்த ஆம்பளைக்கு இருக்கிறது? டாக்டரே சரி என்று சொன்னால் டபுள்ஸ் ஆடட்டும். சிங்கிள்ஸுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உப்பளம் ஷட்டில்:
டபுள்ஸிலும் நெட்டுக்குப் பாய வேண்டியதுதான் சார்!