‘இலக்கு மருந்து’ சரியா? புற்றுநோய் மாத்திரைக் கையேட்டுக்குச் சொல் வேண்டும்

செம்பருத்தி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். புற்றுநோய்க்கு வீட்டிலேயே மாத்திரை எடுத்துக்கொள்ளும் நோயாளிகளுக்கான இரண்டு பக்கக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புற்று வளர உதவும் குறிப்பிட்ட புரதங்களை முடக்கும் ‘டார்கெட்டட் தெரபி’யை ‘இலக்கு சார் சிகிச்சை’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த செவிலியர், “இது யார் இந்த இலக்கு சார்?” என்று கேட்டுவிட்டார். ‘வாய்வழிப் புற்றுநோய் மருந்து’ என்பதிலும் சிக்கல். வாய்ப்புற்றுக்கான மருந்து என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள். வழி சொல்லுங்கள்.

ஒற்று எழுதியது:

இரண்டாவது சிக்கலை முதலில் தீர்த்துவிடலாம். ‘வாய்வழி’ என்ற அடை புற்றுநோயைத் தழுவுகிறதா, மருந்தையா? ‘ப்’ போட்டால் புற்றுநோயோடு ஒட்டிக்கொள்கிறது, போடாவிட்டால் சந்திப்பிழை. அடையை அதற்குரிய பெயரின் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள்: ‘புற்றுநோய்க்கான வாய்வழி மருந்து’. நான்காம் வேற்றுமை விரிந்தே நிற்கட்டும். எல்லாவற்றையும் தொகையாக்கும் ஆசையே கலைச்சொல்லாக்கத்தின் பாதி நோய். என்னைக் கேட்டால் ‘விழுங்கும் மருந்து’ இன்னும் நல்லது. மெல்லக் கூடாது, பொடிக்கக் கூடாது என்பதும் அதிலேயே அடங்கிவிடும்.

வேர்ச்சொல் எழுதியது:

‘இலக்கு’ வடமொழி லக்ஷ்யத்தின் திரிபு என்று அகராதிகளில் எழுதிவைத்ததை நாம் மெல்லாமலே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். ‘இல்’ என்பது குத்துதல், துளைத்தல் கருத்து வேர். அம்பு போய்த் துளைக்கும் இடம் இலக்கு. இலை, இலங்கு, இலவு என்று இந்தக் குடும்பத்தை விரித்துத் தனி மடலில் எழுதுகிறேன். ஐயப்படுவோருக்காக மாற்றும் தருகிறேன்: ‘குறிமருந்து’. ‘சிகிச்சை’ வேண்டவே வேண்டாம். ‘பண்டுவம்’ இருக்கும்போது ஏன் கையேந்த வேண்டும்?

நாவல் எழுதியது:

ஐயா, ‘குறிமருந்து’ என்று அட்டையில் அச்சிட்டால் அது எந்த வகை வைத்தியரின் விளம்பரம் என்று மக்கள் நினைப்பார்கள் என்பதைச் சற்றே யோசியுங்கள். வடசொல்லை வடவெழுத்து நீக்கி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார். ‘இலக்கு’ எங்கிருந்து வந்திருந்தாலும் இன்று அதில் நீக்க ஓர் எழுத்தும் மிச்சமில்லை. நான் முன்வைப்பது ‘துல்லிய மருந்து’. கேட்டதும் விளங்கும்.

ஒற்று எழுதியது:

இவற்றில் பல மருந்துகளின் பெயர் ‘-இப்’ என்று முடிவதைக் கவனித்தேன். இன்ஹிபிட்டர் (தடுப்பான்) என்பதன் சுருக்கம் அது. அப்படியானால் ‘தடுப்பு மருந்து’ என்றே சொல்லிவிடலாமே?

மருந்தாளுநர் எழுதியது:

‘தடுப்பு மருந்து’ என்றால் நோய் வருமுன் போட்டுக்கொள்வது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அது ஏற்கெனவே குடியேறிய சொல். ‘துல்லிய மருந்து’ எனக்கு அதைவிட அச்சம் தருகிறது.

நான் அன்றாடம் எதிர்கொள்வது இதுதான். “இது கீமோ இல்லையாமே, புற்றை மட்டும்தான் தாக்குமாமே” என்பார் நோயாளி. அந்த நம்பிக்கையில், கூடவே விழுங்கும் சூரணத்தையும் நெஞ்செரிச்சல் மாத்திரையையும் சொல்லாமல் விட்டுவிடுவார். எர்லோட்டினிப் என்னும் புற்றுநோய் மாத்திரை கரைவதற்கு இரைப்பையில் அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கும் மாத்திரையோடு எடுத்தால் மருந்தில் ஒரு பகுதி உடம்பில் சேராமலே போய்விடும். அதே மருந்து அடைக்கும் ஈஜிஎஃப்ஆர் ஏற்பி (அணு வளரத் தூண்டும் செய்தியை வாங்கும் புரதம்), புற்றில் இருப்பதுபோலத் தோலிலும் குடலிலும் இருக்கிறது. அதனால்தான் முகத்திலும் மார்பிலும் பரு போன்ற தடிப்புகள், வயிற்றுப்போக்கு. மருந்து குறி தவறவில்லை. இலக்கே உடம்பில் பல இடங்களில் இருக்கிறது. ‘துல்லியம்’ என்ற சொல் இதை மறைத்துவிடும். தடிப்பு வந்ததும் ஒவ்வாமை என்று முடிவு செய்து, யாரிடமும் கேட்காமல் மருந்தை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

இமாட்டினிப் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, நாள்பட்ட மைலாய்டு இரத்தப்புற்றில் உள்ள பிசிஆர்-ஏபிஎல் புரதத்தை முடக்குவதற்காக. அதுவே கிட் என்னும் வேறொரு புரதத்தையும் முடக்குவதால் குடல் பகுதியில் வரும் ஒருவகைக் கட்டிக்கும் பயன்படுகிறது. ஒரு மருந்து, ஒரு குறி என்ற கணக்கு இங்கே செல்லாது.

சொல்லைவிட எனக்கு முக்கியமானது சாப்பாட்டு வரி. இமாட்டினிப் உணவோடும் பெரிய குவளைத் தண்ணீரோடும் எடுக்க வேண்டியது. அதே இரத்தப்புற்றுக்குத் தரும் வழக்கமான நிலோட்டினிப் காப்ஸ்யூலோ வெறும் வயிற்றில்தான். அதற்கு முன் 2 மணி நேரமும் பின் 1 மணி நேரமும் ஒன்றும் உண்ணக் கூடாது. உணவோடு எடுத்தால் இரத்தத்தில் அளவு ஏறிவிடும், இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும் அபாயம் கூடும். முதல் மருந்திலிருந்து இரண்டாவதற்கு மாறியவர் பழைய பழக்கத்திலேயே இருந்தால் என்ன ஆகும்? ‘வெறும் வயிறு’ என்று மட்டும் எழுதாதீர்கள். காலையில் கண் விழித்ததும் என்றுதான் பலரும் அதைப் புரிந்துகொள்கிறார்கள். மணிக்கணக்கைப் போடுங்கள்.

வேர்ச்சொல் எழுதியது:

‘வெறும் வயிறு’ பேச்சு வழக்கு. ‘அற்றால் அளவறிந்து உண்க’ என்று மருந்து அதிகாரத்திலேயே நமக்குச் சொல் கிடைக்கிறது. ‘அற்ற வயிறு’ என்று ஆளலாம்.

நாவல் எழுதியது:

இரைப்பையை அறுவை செய்து எடுத்துவிட்டவர்களும் இந்தக் கையேட்டைப் படிப்பார்கள். அவர்கள் தங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று நினைக்கப் போகிறார்கள்.

ஒற்று எழுதியது:

குறளில் அறுவது முன்பு உண்ட உணவு, வயிறு அல்ல. எனவே பொருளும் பொருந்தவில்லை. வேர்ச்சொல் ஐயா அதிகாரத்தை மட்டும் சரியாகப் பிடித்திருக்கிறார்.

செம்பருத்தி எழுதியது:

இதுவரை தேறியதை வைத்து எழுதியிருக்கிறேன்:

> இது புற்றுநோய்க்கான இலக்கு மருந்து. புற்றணுக்கள் வளரத் துணைசெய்யும் சில புரதங்களை முடக்குகிறது. அதே புரதங்கள் உடம்பின் பிற இடங்களிலும் இருப்பதால் பக்கவிளைவுகள் வரும்.
> முழுதாக விழுங்குங்கள். உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். விழுங்க முடியாவிட்டால் மருந்தாளுநரிடம் கேளுங்கள்.
> ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக எடுக்காதீர்கள்.
> காய்ச்சல், மூச்சுத்திணறல், நிற்காத வயிற்றுப்போக்கு இருந்தால் அன்றே மருத்துவமனையை அழையுங்கள்.

‘தவறிய டோஸ்’ என்பதைவிட ‘விட்டுப்போன வேளை’ எனக்குப் பிடித்திருக்கிறது. இன்னொன்று: கிரேப்ஃப்ரூட்டைத் ‘திராட்சை’ என்று மொழிபெயர்த்த பழைய கையேடு ஒன்று என் கையில் இருக்கிறது. பாவம், அதைப் படித்தவர்கள் குற்றமற்ற திராட்சையை ஒதுக்கிவைத்திருப்பார்கள்.

மருந்தாளுநர் எழுதியது:

அது சிரிக்கும் பிழை இல்லை. கிரேப்ஃப்ரூட் குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்குவதால், பல இலக்கு மருந்துகளின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். பம்பளிமாஸிலும் அந்தப் பொருள்கள் உண்டு. இரண்டு பெயரையும் போட்டு, ‘திராட்சை அல்ல’ என்றும் சேருங்கள். விட்டுப்போன வேளைக்கு எவ்வளவு நேரத்துக்குள் எடுக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும், அதற்கு ஒரு வெற்றிடம் விடுங்கள், நாங்கள் கையால் நிரப்பிக் கொடுக்கிறோம். மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் வீட்டார் கையுறை அணிய வேண்டும், கர்ப்பிணிகள் தொடக் கூடாது என்ற வரியும் விடுபட்டிருக்கிறது.

நாவல் எழுதியது:

‘துல்லிய’த்தைத் திரும்பப் பெறுகிறேன். ‘இலக்கு மருந்து’க்கு என் வாக்கு.

ஒற்று எழுதியது:

என்னுடையதும். ‘இலக்கு மருந்து’ இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன் தொக்க தொகை, இலக்கைத் தாக்கும் மருந்து. பிழையில்லை.

வேர்ச்சொல் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். ‘துல்லிய’த்தை விலக்க மருந்தாளுநர் சொன்ன காரணம் ‘இலக்கு’க்கும் அப்படியே பொருந்தும். இலக்கு என்றதும் தமிழன் மனத்தில் வருவது குறி தப்பாத அம்பு. ‘புற்றை மட்டும்தான் தாக்குமாமே’ என்று இனியும் கேட்கத்தான் போகிறார்கள்.

மருந்தாளுநர் எழுதியது:

வேர்ச்சொல் ஐயா சொல்வதை மறுக்க முடியவில்லை. தலைப்பில் மட்டும் ‘இலக்கு மருந்து’ இருக்கட்டும். உள்ளே எல்லா இடத்திலும் மருந்தின் பெயரையே எழுதுங்கள். மருத்துவரிடம் போகும்போது அவர்கள் சொல்ல வேண்டியதும் அந்தப் பெயரைத்தான்.

செம்பருத்தி எழுதியது:

அப்படியே மாற்றி அனுப்புகிறேன். பால்போசிக்ளிப் மாத்திரையை 21 நாள் எடுத்து 7 நாள் நிறுத்துவார்கள் அல்லவா, அந்த வாரத்துக்கு ‘ஓய்வு வாரம்’ என்று போட்டிருக்கிறேன். யாருக்கும் தடையில்லையே?

வேர்ச்சொல் எழுதியது:

‘வாரம்’ பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. புது இழை தொடங்குகிறேன்.