நேர்முகத்தில் ஓ-ரிங் பற்றிக் கேட்டார்கள்

ஒரு தம்பி, மெக்கானிக்கல் படித்தவனுக்கு ராக்கெட்டில் என்ன வேலை, அதெல்லாம் ஏரோநாட்டிக்கல்காரர்களுக்குத்தானே என்று கேட்டிருந்தார். சேலம் கருப்பூரில் பி.இ. இரண்டாம் வருடம் படிக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். இஸ்ரோ பொறியாளர் தேர்வில் மெக்கானிக்கலுக்கென்றே தனி இடங்கள் உண்டு தம்பி. நான் போனபோது எழுத்துத் தேர்வு, அப்புறம் நேர்முகம்.

முதல் முறையே நேர்முகம் வரை போனேன். குழாய் இணைப்பு கசியாமல் இருக்க என்ன செய்வாய் என்று கேட்டார்கள். ரப்பர் ஓ-ரிங், அதாவது இணைப்புக்கு நடுவே வைத்து அடைக்கும் வளையம், போடுவேன் என்றேன். உள்ளே ராக்கெட் எரிபொருளான திரவ ஹைட்ரஜன் ஓடினால்? பேச்சே வரவில்லை. மைனஸ் 253 டிகிரியில் சாதாரண ரப்பர் கண்ணாடி மாதிரி விறைத்துப் போகும், நெகிழ்ந்து கொடுத்து அடைக்காது, உலோக சீல் மாதிரி வேறு வழிதான் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் ஊர் திரும்பும் ரயிலில் உட்கார்ந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வேலை கிடைக்கவில்லை. லீவு நாட்களில் நான் வேலை பார்த்த செவ்வாய்ப்பேட்டை லேத் பட்டறைக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். "நாம கேஸ் ஹோஸுக்குச் சோப்புத் தண்ணி அடிச்சுப் பாக்கறோம், அவங்க என்னத்த வெச்சுடா பாப்பாங்க?" என்றார். அந்த ஒரு கேள்விதான் என்னை இந்தத் துறையில் நிறுத்தியது. ஹீலியம் வைத்துப் பார்க்கிறார்கள். அணு அவ்வளவு சிறியது என்பதால் சோப்பில் குமிழே வராத நுண்ணிய ஓட்டையிலும் புகுந்து வெளியே வரும், காற்றிலும் மிகக் குறைவாகவே இருப்பதால் வேறெதோடும் குழம்பாமல் கருவி பிடித்துவிடும்.

2020-இல் விண்வெளித் துறை தனியாருக்குத் திறந்த பிறகு, ராக்கெட் பாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். வெல்டிங்கைச் சோதிப்பது, கசிவு பார்ப்பது, அதிர்வு மேசையில் வைத்து உலுக்குவது, இதுதான் தினமும். முழுக்க மெக்கானிக்கல்.

டிப்ளமோ தம்பிகளுக்கும் சொல்கிறேன், சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கியவர்தான். நம் ஊர்ப்பக்கமே பாருங்கள், சந்திரயான்-2 சோதனைக்கான செயற்கை நிலவு மண்ணுக்கு நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலிருந்துதான் நிலவுப் பாறையை ஒத்த அனார்தசைட் பாறை எடுத்து அரைத்தார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, பயிற்சிக்காக வெல்டிங் செய்து சோதனையில் கசிந்த ஒரு குழாய்த் துண்டை அனுமதி வாங்கி எடுத்து வந்திருந்தேன். அண்ணனிடம் எதுவும் சொல்லாமல் கையில் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நகத்தால் வெல்டைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். "இங்க கையெடுத்துட்டு மறுபடியும் ஆரம்பிச்சிருக்கான் பாரு."

ஹீலியம் வந்த இடம் அதேதான்.