கல்விசார் ஆங்கிலச் சொற்களுக்கு எளிய ஆங்கில விளக்கம் எங்கே கிடைக்கும்?

கோபி மாணவி:
பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, இப்போது ஆங்கிலவழியில் வேளாண்மை பயில்கிறேன். ‘இன்ஃபர்’, ‘அஸ்யூம்’ போன்ற சொற்களுக்கு அகராதியைப் புரட்டினால், விளக்கத்திலேயே புரியாத சொற்கள் இன்னும் இரண்டு வந்து நிற்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பொள்ளாச்சி ஆசிரியர்:
அம்மணி, கற்போருக்கென எழுதப்பட்ட அகராதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-இல் வெளிவந்த லாங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கங்களைத் தந்தது. எவற்றை முதலில் கற்பது என்பதற்கு, மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல் உதவும். அதில் உள்ள 570 சொற்குடும்பங்கள் (ஒரே சொல்லும் அதிலிருந்து கிளைத்த சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக அமைகின்றன. மிக அடிக்கடி வரும் 60 குடும்பங்கள் பட்டியலின் முதல் பிரிவிலேயே இருக்கின்றன.

ஈரோட்டு வாசகர்:
அந்த இரு சொற்களையும் மஞ்சளை வைத்துச் சொல்கிறேன். களத்தில் காயும் கிழங்கை ஒடித்துப் பார்த்து, உள்ளே ஈரம் தெரிவதால் இன்னும் காய வேண்டும் என்ற முடிவுக்கு வருவது ‘இன்ஃபர்’. எளிய ஆங்கிலத்தில், ‘டிசைட் ஃப்ரம் ஃபேக்ட்ஸ்’. ஒடித்துப் பார்க்காமலே காய்ந்திருக்கும் என்று கொள்வது ‘அஸ்யூம்’. அதாவது, ‘திங்க் இட் இஸ் ட்ரூ வித்தவுட் ப்ரூஃப்’. பொருளை மனப்பாடம் செய்வதைவிட, நம் தோட்டத்திலிருந்தே ஒரு வாக்கியம் அமைத்து எழுதிப் பாருங்கள்.

பொள்ளாச்சி ஆசிரியர்:
நல்ல விளக்கம். ‘சிக்னிஃபிகன்ட்’ என்ற சொல்லில் மட்டும் கவனம் தேவை. பொது வழக்கில் அது ‘முக்கியமான’ என்று பொருள்படும். புள்ளியியலிலோ, தற்செயலால் மட்டும் விளைந்திருக்க வாய்ப்புக் குறைவான வேறுபாட்டையே குறிக்கும். உர ஆய்வுகளைப் படிக்கும்போது இதை மறவாதீர்கள், அம்மணி.