சிறுநாய்கள் இருக்கும் வளவுக்கு அல்சேஷனைக் கொண்டுவரலாமா?

ஆரையம்பதி வாசகி:
எங்கள் வீட்டில் இரண்டு பொமரேனியன் நாய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு 9 வயது, மற்றதற்கு 6 வயது. இரண்டும் 3 கிலோவை ஒட்டிய எடை கொண்டவை. வெளிநாடு செல்லவிருக்கும் என் தம்பி, தான் வளர்த்த 3 வயது அல்சேஷன் கடுவனை என்னிடம் ஒப்படைக்க விரும்புகிறார். அதன் எடை 34 கிலோ. இதுவரை எவரையும் கடித்ததில்லை. நான் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை பாடசாலையில் இருப்பேன். வீட்டில் 71 வயதான அம்மா மட்டுமே. ஏற்றுக்கொள்ளலாமா?

எழுவான்:
வேண்டாம், தங்கச்சி. அந்த நாயின் குணத்தை நான் சந்தேகிக்கவில்லை. எடைதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. ஒத்த அளவுள்ள இரண்டு நாய்கள் சண்டையிட்டால் காதும் தோலும் கிழிவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். பதினொரு மடங்கு எடையுள்ள நாய் ஒரே ஒருமுறை கவ்வி உதறினால், வெளியே இரண்டு பற்குறிகள் மட்டும் தெரிய, உள்ளே விலாவும் நுரையீரலும் சிதைந்திருக்கும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. ஒன்றரை ஆண்டுகள் ஒரே விறாந்தையில் படுத்துறங்கிய ரொட்வைலரும் டாக்ஷண்டும் ஒரு மாட்டெலும்புக்காக மோதிக்கொண்டன. காயம் சிறிதாகத் தெரிந்ததால், மஞ்சள் பூசிவிட்டு அரை மணித்தியாலம் தாமதித்தேன். மிருக வைத்தியரிடம் போகும் வழியிலேயே சின்னவன் என் மடியில் உயிரை விட்டான்.

படுவான்கரையான்:
எழுவான் ஐயாவின் துயரத்தை மதிக்கிறேன். ஆயினும் அவர் கூறிய நிகழ்வு, உணவைப் பொதுவில் போடக்கூடாது என்பதைக் காட்டுகிறதே தவிர, பெரிய நாயே கூடாது என்பதைக் காட்டவில்லை. என்னிடம் இரண்டு சிறுநாய்களும் 28 கிலோ எடையுள்ள ஒரு லப்ரடோர் கலப்பும் ஐந்து ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கின்றன. முதல் சந்திப்பை நான் வளவுக்குள் வைக்கவில்லை. எந்த நாயும் தனதென்று உரிமை கொண்டாடாத கல்லடிக் கடற்கரையில், விடியற்காலையில், ஆளுக்கொரு நாயாகப் பிடித்துக்கொண்டு, முதலில் தூரத்திலும் பின்பு சற்று நெருங்கியும் ஒரே திசையில் நடந்தோம். பிறகு இரண்டு கிழமைகளுக்கு மேலாக அவற்றுக்கிடையே கம்பிவலை இருந்தது; படுக்கைத் துணிகளை மாற்றிப் போட்டு ஒன்றின் மணத்தை மற்றதற்குப் பழக்கினோம். இன்றுவரை ஒவ்வொன்றுக்கும் தனியறையில்தான் சாப்பாடு. சிறுநாய் உறுமினால் அதை அதட்டாதீர்கள். உறுமியதற்காக அடிவாங்கும் நாய், அடுத்தமுறை உறுமாமலே கடிக்கக்கூடும். மேலும், குட்டி ஒன்றைவிட வளர்ந்த நாய் நல்லது; அல்சேஷன் குட்டி ஒன்றரை வயதுவரை தன் உடம்பின் பலத்தை உணராது, விளையாட்டாகக் காலை வைத்தாலே பொமரேனியனின் மெல்லிய எலும்பு முறியலாம்.

வாவிக்கரை:
எந்த முடிவானாலும், வருவதற்கு முன்னரே விசர்நாய்த் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். உண்ணிக்கும் மருந்து போடுங்கள். உண்ணிக் காய்ச்சல் ஒரு நாயோடு நிற்காது.

எழுவான்:
தம்பி, நீங்கள் சொன்ன முறை சரியானதுதான். ஆனால் அந்த ஏழு மணித்தியாலமும் அதை யார் கடைப்பிடிப்பது? சிறுநாய் எதற்கோ பயந்து வீரிட்டு ஓடினால், அதுவரை விளையாடிக்கொண்டிருந்த பெரிய நாய் அதை இரையாக எண்ணித் துரத்தத் தொடங்கலாம். பழக்கம் அந்தக் கணத்தில் காப்பாற்றாது. கார்த்திகை, மார்கழி மழையில் வளவு முழுவதும் தண்ணீர் நிற்கையில் மூன்று நாய்களும் வீட்டுக்குள்தான் இருக்கும். கோயில் திருவிழாவில் வெடி முழங்கும் வேளையில், பயத்தில் பக்கத்தில் நிற்பதையே கவ்வும் நாய்களும் உண்டு. 71 வயதான தாயார் 34 கிலோ நாயை இழுத்துப் பிரிக்க முடியாது. முயன்றால் அவருக்கே கடிபடும்.

படுவான்கரையான்:
அம்மா தனியாக இருக்கும் நேரத்தை நான் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆகவே, ஆசிரியை இல்லாத வேளைகளில் அது பூட்டிய கூட்டுக்குள் இருந்தாக வேண்டும். அதற்கு வசதியில்லை என்றால் நானும் மறுக்கவே சொல்வேன். ஆனால் மறுக்கப்பட்ட அல்சேஷனின் கதியையும் நினையுங்கள், ஐயா. காவலுக்கென்று வாங்குபவர் அதைத் தகரக் கொட்டிலில் சங்கிலியோடு கட்டிவிடுவார். அந்த அடர்ந்த மயிரோடு எங்கள் வெயிலில் அது படும் வேதனையை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆரையம்பதி வாசகி:
இருவருக்கும் நன்றி. தம்பி புறப்பட இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன. அவர் உடனிருக்கும்போதே சனி, ஞாயிறுகளில் கடற்கரை நடையைத் தொடங்குகிறோம். வேம்பின் நிழலில், நிலத்திலிருந்து உயர்த்திய சீமெந்துத் தளத்தோடு கூடு கட்ட மேசனிடம் பேசிவிட்டேன். திறப்பு என் கையில் மட்டும் இருக்கும். மூத்தவள் சாப்பாட்டை வெறுத்தாலோ கட்டிலுக்கடியிலேயே ஒதுங்கிக் கிடந்தாலோ, இதை நிறுத்திவிடுவேன். அதற்காகத் தம்பியும் இப்போதிருந்தே வேறொரு நல்ல வீட்டைத் தேடுகிறார்.

எழுவான்:
என் மனம் இன்னும் இணங்கவில்லை, தங்கச்சி. கட்டுவதென்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால், பொமரேனியனின் மூக்கு நுழையாத அளவுக்குச் சிறிய கண்ணுள்ள கம்பிவலையாக வாங்குங்கள். சீமெந்துத் தளம் கூடு முழுவதையும் மூடாவிட்டால், சுற்றிலும் ஓர் அடி ஆழத்துக்கு வலையைப் புதையுங்கள். நம்முடைய மணலில் ஒரு காலைப்பொழுது போதும், நாய் தோண்டிக்கொண்டு வெளியே வந்துவிடும்.