மூணு பக்கத்துல கிழமை இல்லை

தங்கச்சிமடத்திலிருந்து:
மனு எழுதிக் கொடுக்கிறது என் தொழில். போன வருஷம் ஒரு நாட்டுப்படகுக்காரர் வந்தார். விசைப்படகு ஏறி அவர் நண்டு வலை அறுந்துபோச்சு. ‘மேற்கண்ட முகவரியில் நிரந்தரமாக வசித்து வரும் நான், மீன்பிடித் தொழிலை மட்டுமே நம்பி வாழ்ந்து வருகிறேன் என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டு வருகிறேன்’னு ஆரம்பிச்சு மூணு பக்கம் எழுதினேன். எனக்கே பெருமையா இருந்துச்சு. அதிகாரி புரட்டிப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்: “என்ன கிழமை?”

பாக் நீரிணையில விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள்னு முறை. கிழமைதான் வழக்கே. மூணு பக்கத்துலயும் அது இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில உக்காந்து திருப்பி எழுதினேன்: ‘செவ்வாய் இரவு 11 மணி. 4 பாகம் ஆழத் தண்ணீரில் விரித்திருந்த 30 கிலோ நண்டு வலைமேல் விசைப்படகு ஏறியது. அன்று நாட்டுப்படகு முறை. இழப்பீடு வேண்டும்.’ வாங்கி, நின்னபடியே படிச்சு, முத்திரை போட்டுட்டார்.

பாம்பனிலிருந்து:
சேதியைச் சுருக்கமா சொல்றதுக்கு எங்களுக்கு வாத்தியார் புயல் கூண்டுதான். 1லேருந்து 11 வரை நம்பர். “3 ஏத்தியாச்சு”ன்னா வல்லத்தை (நாட்டுப்படகை) மேலே இழுத்துருவோம். 11னா எச்சரிக்கை மையத்தோட தொடர்பே அத்துப்போச்சுன்னு அர்த்தம். சேதி வரலைங்கிறதுக்கும் ஒரு நம்பர் வச்சிருக்கான் பாருங்க!

கீழக்கரையிலிருந்து:
ரொம்பவும் வெட்டிரக் கூடாது. தந்தி இருந்த காலம் (2013ல நிறுத்திட்டாங்க), வார்த்தைக்குக் காசு. மழையில எங்க அடுப்படிச் சுவர் விழுந்துச்சு. ‘யாருக்கும் ஒண்ணுமில்லை’ன்னும் சேக்கச் சொன்னாக உம்மா. காசை மிச்சம் பிடிக்கிறேன்னு காக்கா (எங்க அண்ணன்) அதை வெட்டிட்டு ‘சுவர் விழுந்தது பணம் அனுப்பவும்’னு மட்டும் சென்னை மண்ணடியில இருந்த வாப்பா கடைக்குத் தந்தி அடிச்சாக. வாப்பா கடையைப் பூட்டிட்டு ராத்திரி ரயிலேறிட்டாக. காலையில வாசல்ல நின்னு, செருப்பைக்கூடக் கழட்டாம, எங்களை ஒவ்வொருத்தரா எண்ணினாக.

தங்கச்சிமடத்திலிருந்து:
உண்மைதான். இப்பல்லாம் கிழமை முதல் வரியில வந்துரும். ‘பணிவுடன்’ ஒண்ணை மட்டும் வெட்ட முடியலை. அது இல்லாட்டி மனு எழுத வர்றவங்க கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க.